யானைக்கு அஞ்சாதவர் தலையெழுத்துக்கு அஞ்சுவதா?

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் காட்டுப் பாதையிலே உள்ள ஊர் நாட்றாம்பாளையம். சுற்றிலும் மலை, சூழ்ந்து நிற்பது காடு, இடையிடையே வானத்தை நம்பிய மேட்டு நிலம். கேழ்வரகுக் கதிர் முற்றும் காலம் வந்தால் காட்டு யானைகளும் வந்துவிடும். ஓர் இரவு போதும். ஓராண்டு உழைப்பு உருத்தெரியாமல் போய்விடும்.

அப்போது அந்தப் பகுதி உழவர் என்ன செய்கிறார்? பரண் கட்டுகிறார். பனியிலே விழித்திருக்கிறார். தீ மூட்டுகிறார். தகரத்தைத் தட்டுகிறார். அடுத்த நிலத்துக்காரரைக் கூவி அழைக்கிறார். மலை போன்ற விலங்கின் முன்னே, கையிலே தீப்பந்தத்துடன், கஞ்சி குடித்து வளர்ந்த மெலிந்த மனிதர் நிற்கிறார்! சில வேளைகளில் உயிரையும் இழக்கிறார். எனினும் அடுத்த ஆண்டும் பரண் எழும்புகிறது. 'இந்தக் கேழ்வரகு யானைக்கென்றே என் தலையிலே எழுதப்பட்டிருக்கிறது' என்று கூறிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கிய உழவரை நாம் அங்கே கண்டதில்லை.

ஆனால், பொழுது விடிந்து பரணைவிட்டு இறங்கிய பிறகு நடப்பதைப் பாருங்கள். வட்டிக்குக் கொடுத்தவர் அசலைப்போல் மூன்று மடங்கு கேட்கிறார். 'நம் தலையெழுத்து' என்கிறார் அந்த வீரர். தரகர் எடையிலே திருடுகிறார். 'நம் தலையெழுத்து' என்கிறார். ஓசூரிலே ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்த மகனுக்குப் பேசிய கூலி வந்து சேரவில்லை, 'நம் தலையெழுத்து'. பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த மகளை நிறுத்தி மணவறையிலே உட்கார வைக்க உறவினர் நெருக்குகின்றனர், 'அவள் தலையெழுத்து'.

கண்ணெதிரே பிளிறும் யானைக்கு அஞ்சாத நெஞ்சம், எவர் கண்ணுக்கும் புலப்படாத எழுத்துக்கு அஞ்சுகிறது! என்னே விந்தை! இந்த விந்தை ஒரு மலையூருக்கு மட்டும் உரியதன்று. நாடெங்கும் நம் மக்களைப் பிடித்திருக்கும் நோய் இது. இந்நோயைப் பற்றித்தான் இளைஞர்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

எழுதியவன் எவன்?

தலையிலே எழுத்து இருக்கிறதாம். மண்டை ஓட்டைத் திறந்து அறுவை மருத்துவம் செய்கின்ற மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவருள் ஒருவரேனும் ஒரு வரியைப் படித்துக் காட்டியதுண்டா? ஊடுகதிர்ப் படத்திலே எலும்பு முறிவு தெரிகிறது; எழுத்து மட்டும் தெரிவதில்லை.

அந்த எழுத்தாளன் செய்யும் ஓரவஞ்சனையையும் கவனியுங்கள். குடிசையிலே பிறந்த குழந்தையின் தலையிலே 'அடங்கி நட' என்று எழுதுகிறானாம். மாளிகையிலே பிறந்த குழந்தையின் தலையிலே 'அதிகாரம் செய்' என்று எழுதுகிறானாம். பெண் என்றால் 'பொறுத்துக்கொள்'. ஆண் என்றால் 'அடக்கி வை'. உழுபவன் தலையிலே கடன். உழாதவன் தலையிலே களஞ்சியம். உற்று நோக்கினால், அந்தக் கையெழுத்து, பண்ணையார் வீட்டுக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைப் போலல்லவா இருக்கிறது!

ஆம், தோழர்களே! ஆண்டவர்கள் ஆக்கி வைத்த ஏற்பாட்டுக்கு ஆண்டவன் பெயரிலே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. கொள்ளையடித்தவனைப் பார்க்க வேண்டிய கண்ணை, வானத்தைப் பார்க்கச் செய்யும் சூழ்ச்சி அது. வானத்தின்மீது வழக்குத் தொடர முடியாது, வட்டிக்காரர்மீது முடியும். விதியைக் கூண்டிலே நிறுத்த முடியாது; வீண் கொடுமை புரிந்த அதிகாரியை நிறுத்த முடியும். எனவேதான், கூண்டிலே நிற்க விரும்பாதவர்கள் விதியைப் பற்றி விரிவுரை நடத்துகின்றனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட விரும்புகிறோம். நமக்குக் கொடுமை இழைக்கப்பட்டது என்பது உண்மை. அதை மறக்கச் சொல்பவர் நம் பகைவர். கொடுமைக்கு ஆளாவதற்கென்றே பிறந்தோம் என்பது பொய். அதை நம்பச் சொல்பவரும் நம் பகைவரே. அடிபட்ட உண்மையை நெஞ்சிலே வைத்துக்கொண்டு, அடிமை என்ற பொய்யை நெஞ்சிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும். அந்த இரண்டையும் பிரித்தறியும் ஆற்றலுக்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

புதுப் புரோகிதர்

பழைய புரோகிதருக்குப் போட்டியாகப் புதுப் புரோகிதர் ஒருவர் இப்போது கிளம்பியிருக்கிறார். காவி இல்லை, பூணூல் இல்லை. கழுத்துப்பட்டை இருக்கிறது, காதோரம் ஒலிவாங்கி இருக்கிறது. 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்று கூறி, குளிரூட்டப்பட்ட மண்டபத்திலே கட்டணம் வாங்கிக்கொண்டு அவர் பேசுகிறார். 'சாதி என்றும் சுரண்டல் என்றும் பேசாதே. உலகிலே யாரும் உனக்குத் தீங்கு செய்யவில்லை. எல்லாம் உன் மனத்திலே இருக்கிறது. மனத்தை மாற்று, மாளிகை கிட்டும்' என்கிறார்.

கேட்பதற்கு இனிக்கிறது. கொஞ்சம் சிந்தித்தால் கசக்கிறது. பழைய புரோகிதர், 'முற்பிறவியிலே நீ செய்த வினை' என்றார். புதிய புரோகிதர், 'இப்பிறவியிலே உன் மனத்தின் குறை' என்கிறார். காலம் மாறியிருக்கிறது, கட்டணச் சீட்டு மாறியிருக்கிறது, தீர்ப்பு மாறவில்லை. குற்றவாளி நீயே என்பதுதான் இருவருடைய தீர்ப்பும்! இருவருமே உண்மைக் குற்றவாளியைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுகின்றனர்.

கூலியைப் பறிகொடுத்தவனிடம் 'கண்ணை மூடி மகிழ்ச்சியை நினை' என்பது அறிவுரை ஆகாது, ஏய்ப்பு. கூலிச் சீட்டை எப்படிக் கேட்டுப் பெறுவது, வைப்பு நிதிக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது, யாரிடம் முறையிடுவது என்று கற்றுக்கொடுப்பதே தன்னம்பிக்கைப் பயிற்சி. அதைக் கட்டணம் இன்றியே நம் மன்றங்கள் நடத்த முடியும், நடத்தவும் வேண்டும்.

சாட்சிக் கூண்டேறிய வாச்சாத்தி

உள்ள வலிமை என்றால் என்ன என்று கேட்போருக்கு, தொலைவிலே தேடாமல், பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கிருட்டிணகிரி தனி மாவட்டம் ஆனது 2004ஆம் ஆண்டிலே. அதற்கு முன்பு நாட்றாம்பாளையமும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டத்தின் இரண்டு ஊர்கள். சித்தேரி மலை அடிவாரத்திலே, மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் பெரும்படையாக அந்த ஊருக்குள் நுழைந்தனர். ஆண்களை அடித்தனர், வீடுகளை நொறுக்கினர், ஆடு மாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். பிறகு, பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகள் என்று கூறிச் சேலம் சிறையிலே அடைத்தனர். அன்றைய அரசு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது!

எண்ணிப் பாருங்கள். தீங்கிழைத்தவர்கள் சீருடையிலே இருந்தனர். முறையிட வேண்டிய இடமோ, அதே சீருடை உட்கார்ந்திருந்த நிலையம். பணம் இல்லை, படிப்பு இல்லை, நகரத்தை அறியாத மக்கள். 'நம் தலையெழுத்து' என்று கூறி முடங்குவதற்கு இந்நாட்டிலே எவருக்கேனும் காரணம் இருந்தது என்றால், அவர்களுக்கு இருந்தது. மானம் போய்விட்டது என்று உலகம் கூறும். கணவன் வீடு தள்ளிவைக்கும். ஊர் ஏசும் என்று அஞ்சி வாய் மூடியிருக்கலாம். ஒடுக்குவோர் நம்பியிருந்ததும் அந்த வாய்மூடலைத்தான்.

அந்தப் பெண்கள் வாய் திறந்தனர்! மானம் போனது எங்களுக்கல்ல. கொடுமை செய்தவர்களுக்கு என்பதை நடந்து காட்டினர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்டுத் தோழர்களும் துணை நின்றனர். கொடியின் நிறம் வேறு என்பதற்காக நன்றி கூறத் தயங்குபவர்கள் அல்லர் நாம். நீதிமன்றம் தலையிட்டது, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 269 பேர்மீது குற்றச்சாட்டு. ஆண்டுகள் உருண்டன. குழந்தைகளாக இருந்தோர் பெற்றோர் ஆயினர். குற்றம் சாட்டப்பட்டோரில் 54 பேர் இறந்தே போயினர். அழைத்த போதெல்லாம் அந்த மக்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். கேட்ட போதெல்லாம், சொல்ல நாக்கூசும் கொடுமையைச் சொன்னனர். குறுக்கு விசாரணையிலே குத்திக் கிழித்த போதும் பின்வாங்கவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி அமர்வு நீதிமன்றம், உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அவர்கள் ஊருக்கே நேரில் சென்று பார்வையிட்டார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீடுகள் தள்ளுபடி ஆயின. கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும். அதிலே பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வாங்க வேண்டும் என்றது தீர்ப்பு.

முப்பத்தொரு ஆண்டுகள்! அந்த நீதியின் தாமதத்தைப் போற்றுவதற்கில்லை. அது இந்த அமைப்பின் வெட்கக்கேடு. நாம் போற்றுவது, தாமதத்தைக் கண்டு தளராத நெஞ்சங்களை. பாதிக்கப்பட்டவர்களாகச் சிறைக்குச் சென்றவர்கள், சாட்சிகளாகத் திரும்பி வந்தனர். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து உலகம் இரக்கப்படும். சாட்சியைப் பார்த்துக் குற்றவாளி நடுங்குவான். நாம் வேண்டுவது இரக்கத்தையா, குற்றவாளியின் நடுக்கத்தையா?

மூவலூர் தந்த மூதாட்டி

நம் இயக்கத்து வரலாற்றையே புரட்டிப் பார்க்கலாம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883ஆம் ஆண்டிலே பிறந்தவர். கடவுளுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதாகக் கூறி, காமுகருக்கு விலை பேசிய பொட்டுக்கட்டும் கொடுமைச் சூழலிலே வளர்க்கப்பட்டவர். 'இது தெய்வப் பணி. இதுவே உன் பிறவிப் பயன்' என்று சாத்திரமும் சடங்கும் ஒருசேரக் கூறிய காலம். மறுத்துக் கூற ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அம்மையார் மறுத்தார். தாம் மட்டும் தப்பினால் போதும் என்று ஒதுங்கவும் இல்லை. ஊர் ஊராகச் சென்று பேசினார். ஏச்சையும் எதிர்ப்பையும் ஏற்றார். தாம் பட்டதையும் கண்டதையும் கொண்டு 'தாசிகள் மோசவலை' என்ற நூலை 1936-ல் வெளியிட்டார். அழுது தீர்த்திருக்க வேண்டிய வாழ்வை ஆயுதமாக வடித்துக் கொடுத்தார். 1938ஆம் ஆண்டு, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த தமிழர் பெரும்படையிலே அவரும் நடந்தார். அந்த ஆண்டு நவம்பரிலே மறியல் செய்து சிறை புகுந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து!

1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்திலே வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சட்டமன்றத்திலே தொடுத்த போருக்கு, வீதியிலே நின்று வலிவூட்டியவர் இந்த அம்மையார். 2022-ல் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கென மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம், அவர் பெயரைத் தாங்கித் தொடங்கப்பட்டது. விலை பேசப்பட்ட குலத்துப் பெண்ணின் பெயர், படிக்கப் போகும் பெண்களின் கையிலே ஊன்றுகோல் ஆயிற்று. தலையிலே எழுதியதாகச் சொன்னார்களே, அந்த எழுத்து எங்கே போயிற்று?

கடல் கடந்தும் இதே பாடம்தான். அமெரிக்க நாட்டிலே அடிமையாகப் பிறந்த பிரடெரிக் டக்ளஸ் என்ற சிறுவனுக்கு, எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். எசமானன் சீறினான்; படித்தால் அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்று தடுத்தான். சிறுவனுக்கு அந்தச் சீற்றமே முதற்பாடம் ஆயிற்று! தெருவிலே விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களிடம் ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். 1838-ல் தப்பினான், 1845-ல் தன் வரலாற்றை நூலாக எழுதினான், 1847-ல் தானே ஏடு நடத்தினான். எசமானனுக்குத் தெரிந்திருந்தது, எழுத்து எங்கே இருக்கிறது என்று. அது தலையிலே இல்லை, புத்தகத்திலே இருந்தது.

பட்டியல் படித்தால் போதுமா?

இனி நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். உரிமையுடன் கூறுகிறோம், சினம் கொள்ள வேண்டா.

ஆதிக்கக்காரர் செய்த கொடுமைகளை நம் தோழர்கள் பலர் மனப்பாடமாக வைத்திருக்கின்றனர். ஆண்டு, திங்கள், நாள் தவறாமல் ஒப்புவிக்கின்றனர். நன்று. ஆனால் கூட்டம் முடிந்ததும் சிலர் வீடு சென்று என்ன கூறுகின்றனர்? 'நம்மை எங்கே முன்னேற விடப்போகிறார்கள்?' என்கின்றனர். தேர்வுக்குப் படிக்காததற்கும் அதுவே காரணம். தொழில் கற்காததற்கும் அதுவே காரணம். காலையில் எழாததற்கும் அதுவே காரணம்! 'அவன் விடமாட்டான்' என்ற சொல்லுக்கும் 'ஆண்டவன் விடவில்லை' என்ற சொல்லுக்கும் என்ன வேறுபாடு? கோயிலிலே இருந்த விதியை மன்றத்துக்குள்ளே கொண்டுவந்து, கறுப்புச் சட்டை போட்டு உட்கார வைத்தால், அது பகுத்தறிவு ஆகிவிடாது.

நம் கண்ணீரை முதலாகப் போட்டு வாணிகம் நடத்துவோரும் இருக்கின்றனர். தேர்தல் காலத்திலே வருவர்; நம் புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பேசுவர்; புண் ஆறிவிடுமோ என்று அஞ்சுவர். மருந்து இடாமல் புண்ணை மட்டும் காட்டச் சொல்பவர் எவரானாலும், எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும், அவரை நம்பாதீர்.

கொடுமையை எண்ணுவது முதல் வேலை. அதனோடு நின்றுவிட்டால், பரணிலே ஏறி நின்று யானைகளை எண்ணிக் கணக்கு எழுதிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். கணக்கு சரியாக இருக்கும், கேழ்வரகு இருக்காது.

பரண் கட்டுங்கள்!

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். 2025 மார்ச்சிலே, இதே கிருட்டிணகிரி மாவட்டத்து மலையூர் ஒன்றிலே, மணம் முடித்து வைக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி, கணவன் வீட்டுக்குச் செல்ல மறுத்தாள். அலற அலற அவளைத் தூக்கிச் சென்றனர். அந்தக் காட்சி கைப்பேசிகளிலே நாடெங்கும் பரவிய பின்னர், காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது.

குழந்தை மணத்தைத் தடுக்க 1929-ல் வந்த சட்டம், பெண்ணுக்கு வைத்த எல்லை 14 வயது. 1949-ல் அது 15 ஆயிற்று. 1978-ல் 18 ஆயிற்று. 2006-ல் புதுச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே ஏறியது; மலை ஏறவில்லை. அந்தச் சிறுமியிடம் வலிமை இல்லை என்று எவரும் கூற முடியாது. 'வரமாட்டேன்' என்று கூறியவள் அவள்! யானைக்கு எதிராகக் கூவினால் ஓடிவரும் ஊர், ஒரு குழந்தையின் கூக்குரலுக்கு ஓடிவரவில்லையே. குறை அங்கே இருக்கிறது. பரணிலே ஒருவர் கூவினால், பத்துப் பேர் தீப்பந்தத்துடன் வரவேண்டும். தனி மனிதரின் துணிவுக்குப் பொருள் கிடைப்பது அப்போதுதான்.

எனவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நாட்றாம்பாளையத்திலும் அஞ்செட்டியிலும் தேன்கனிக்கோட்டையிலும், அதுபோன்ற ஒவ்வோர் ஊரிலும் ஒரு பரண் கட்டுங்கள். படிப்பகமே அந்தப் பரண். அங்கே 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரிலே எழுதப்பட்டிருக்கட்டும். குழந்தை மணத்தை, மணமான சிறுமியே பதினெட்டு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்திலே நீக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியட்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு எழுத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் பழகட்டும். கிராம சபை கூடும் நாளிலே வேடிக்கை பார்க்காமல், கேள்வியோடு செல்லட்டும். ஓசூர் ஆலைக்குச் செல்பவர், நாள் தவறாமல் வருகையையும் கூலியையும் குறித்து வைக்கட்டும். ஆதாரம் இல்லாத அழுகை காற்றிலே போகும். ஆதாரத்தோடு கூடிய சொல் கூண்டிலே ஏறும்.

உடலை வளர்க்க, தொழிலைக் கற்க, மதுக்கடைப் பக்கம் திரும்பாதிருக்க, கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும் எல்லைப்புறத்திலே எவர் மொழியையும் பழிக்காமல், எவர் முன்னும் தலைகுனியாமல் நிற்க. இவையெல்லாம் சிறு செயல்கள் என்று எண்ணற்க. ஒவ்வொரு நாளும் தன் சொல்லைத் தானே காப்பாற்றும் இளைஞனிடம், 'உன்னால் ஆகாது' என்று எவரும் எளிதிலே கூறிவிட முடியாது.

நமக்கு நேர்ந்ததை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பொறுப்பானவர்கள் வேறு. அவர்களைப் பெயர் சொல்லிச் சுட்டுவோம், கூண்டிலே நிறுத்துவோம். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை அவர்களிடம் கேட்கப் போவதில்லை. வானத்திடமும் கேட்கப் போவதில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறிய மலைப் பெண்கள் கேட்கவில்லை. ஐம்பத்தைந்து வயதிலே சிறைக் கதவைத் தட்டிய அம்மையார் கேட்கவில்லை. இருபது வயதுக் காளைகள் கேட்பதா?

தலையிலே எழுத்து இல்லை, தோழர்களே. கையிலே எழுதுகோல் இருக்கிறது. எடுத்து எழுதுங்கள்: முதல் வரி, உங்கள் பெயர், இரண்டாம் வரி, உங்கள் வழக்கு!